வீட்டில் பேசும் மொழி: இந்தி

மகளின் பள்ளி டைரிக்குள் மடித்து வைத்து வந்த அந்தத் தாளை நான் மூன்று முறை படித்தேன். முதல் முறை நின்றுகொண்டே. இரண்டாவது முறை கதவைத் தாழிட்டு உட்கார்ந்து. மூன்றாவது முறை, வேலை முடிந்து வந்த கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

சீனியர் கேஜிக்குப் புதிதாக வந்திருந்த டீச்சர் தன் கையாலேயே எழுதி நகலெடுத்து அனுப்பியிருந்தார். மேலே, ‘உங்கள் குழந்தையைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் கீழே பன்னிரண்டு கேள்விகள். வீட்டில் குழந்தையை எப்படிக் கூப்பிடுவீர்கள்? எதைச் சாப்பிட மாட்டாள்? பயந்தால் எப்படிச் சமாதானம் செய்வீர்கள்? தூங்க வைக்க என்ன பாடுவீர்கள்? தண்ணீர் வேண்டுமென்றால், பாத்ரூம் போக வேண்டுமென்றால், எங்காவது வலித்தால் என்ன சொல்லுவாள்?

"இதெல்லாம் இவங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

"புதுசா வந்தவங்க. ஆர்வமா இருக்காங்கபோல" என்றார் கணவர், ஷூவைக் கழற்றியபடி. புனேவை அடுத்த சாகணில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் அவர் இன்ஜினியர். விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறுகிறவருக்குச் சாயங்காலத்தில் எல்லாமே ஆர்வமாகத்தான் தெரியும்.

"ஆர்வமெல்லாம் இல்ல. முதல் கேள்வியப் பாருங்க."

முதல் கேள்வி, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பது. அவர் ஒற்றை ஷூவோடு அப்படியே நின்றுவிட்டார்.

அந்தக் கேள்விக்கு நாங்கள் முன்பே ஒருமுறை பதில் எழுதியிருந்தோம். பொய்யான பதில்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து புனேவுக்கு வந்தோம். கட்கி கடைவீதிக்குப் பின்னால் மாடியில் இரண்டு அறை கிடைத்தது. கீழ்வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த அக்காவின் மாமனார் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். அக்காவின் தமிழ் பாதியில் இந்தியாகும், முடிவதற்குள் மராத்தியாகும். பள்ளியில் சேர்க்கை விண்ணப்பம் வாங்கி வந்த அன்றைக்கு, அதை எப்படி நிரப்புவது என்று அவரிடம்தான் கேட்டேன்.

"தமிழ்னு எழுதாத கண்ணு. இந்தி, இங்கிலீஷ்னு எழுது. என் தங்கச்சி பொண்ணுக்கு இன்னா ஆச்சு? கொயந்தைக்கு இந்தி தெரியாது, க்ளாஸ்ல உக்காந்துகினு இன்னா பண்ணும்னு சொல்லி சீட்டே இல்லனுட்டாங்க."

"பொய்யாச்சேக்கா."

"அரே, இதுல இன்னா பொய்? இந்தி பேசத்தான போற? இன்னிக்கி இல்லனா அடுத்த வருஷம்."

நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். அதுவரை எந்த விண்ணப்பத்திலும் ஒரு எழுத்துப் பொய் எழுதியதில்லை. ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற கட்டத்துக்கு நேரே ‘இந்தி, ஆங்கிலம்’ என்று எழுதியபோது என் கையெழுத்தே எனக்கு வேறு யாருடையதோபோல இருந்தது. நேர்காணலில் மகளிடம் நிறங்களின் பெயர் கேட்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னாள். எண்ணச் சொன்னார்கள். எண்ணினாள். இடம் கிடைத்துவிட்டது. தலைமையாசிரியை விண்ணப்பத்தைக் கோப்பில் குத்தி வைத்ததைப் பார்த்தேன். அந்தத் தாள் அங்கேதான் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார்கள் என்ற நினைப்பு அன்றே வந்துவிட்டது.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

"ஸ்கூல்ல தமிழ் பேசக் கூடாது. வீட்ல என்ன பேசுவீங்கன்னு யாராச்சும் கேட்டா சொல்லக் கூடாது. வீட்ல நடக்கற எதையுமே சொல்லக் கூடாது. சரியா?"

"ஏம்மா?"

"சொன்னா உன்ன ஸ்கூல்ல வச்சுக்க மாட்டாங்க."

சொல்லி முடித்துவிட்டு அதை மறந்தும் போனேன். அம்மாக்கள் ஒரு நாளில் இதுபோல நூறு சொல்கிறோம். அதில் எதைக் குழந்தை பிடித்து வைத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் அந்தப் பன்னிரண்டு கேள்விகளும் எனக்குக் கேள்விகளாகத் தெரியவில்லை. கோப்பிலிருக்கும் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க யாரோ திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கேள்வியாக நான் படிக்க, அவர் விடை சொன்னார்.

"தண்ணிக்கு?"

"பானீ."

"பாத்ரூமுக்கு?"

"சூ சூ."

"வலிச்சா?"

"துக்தா ஹைன்னு எழுது."

"தூங்க வைக்கப் பாட்டு?"

"இந்தில ஏதோ பாடுவோம்னு எழுதேன். பாடிக் காட்டுன்னா கேக்கப் போறாங்க?"

"கேட்டா?"

அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கஷாலா, எதுக்கு இப்டி பயப்படுற? நீ போற போக்கப் பாத்தா போலீஸ் வந்துடும்போலகீதே."

பயந்தால் எப்படிச் சமாதானம் செய்வீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் அக்காவிடம் விடை கேட்கவில்லை. நெற்றியில் துளி விபூதி இட்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று முதுகைத் தடவுவேன். அதை எழுத மனம் வரவில்லை. ‘தண்ணீர் கொடுப்போம்’ என்று எழுதினேன். பிறகு இரண்டு சாயங்காலம் மகளை உட்கார வைத்து அந்த இந்திச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்கிறதுபோல ஒப்பித்தாள். பானீ, சூ சூ, துக்தா ஹை. சரியாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்கு நிம்மதி.

தாளைக் கொடுத்தனுப்பி ஒரு வாரம் இருக்கும். காலையில் பள்ளி வாசலில் டீச்சர் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கைத்தறிச் சல்வார், கழுத்தில் ஒன்றுமில்லை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் நான் முதலிலிருந்தே நம்பவில்லை. வருகிற ஒவ்வொரு அம்மாவுக்கும் அவரவர் மொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். குஜராத்திக்காரருக்கு ஒன்று, பெங்காலிக்காரருக்கு ஒன்று. எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். என் முறை வந்தது. டீச்சர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"வணக்கம்."

"நமஸ்தே" என்றேன், கொஞ்சம் உரக்கவே. மகள் என் முகத்தையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டீச்சரின் சிரிப்பு அப்படியே இருந்தது. "நமஸ்தே" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். யார் சொல்லியிருப்பார்கள்? அக்காவா? அவர் பள்ளிப் பக்கமே போகிறவர் இல்லை. என் தலையில் இருந்த பூவா? இரண்டு பக்கமும் குத்திய மூக்கா? இங்கே கல்யாணமானவர்கள் கறுப்பு மணி கோத்த சங்கிலி போடுகிறார்கள், என் கழுத்தில் மஞ்சள் கயிறு. மறுநாள் பூ வைக்கவில்லை. கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டேன். மூக்குக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சந்தேகத்தைக் கூட்டியது. தினமும் காலையில் அந்த டீச்சர் குழந்தைகளை ஜமக்காளத்தில் வட்டமாக உட்கார வைத்து, நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பாராம். ஒவ்வொருவரும் சொல்ல வேண்டுமாம். மகளின் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா இதைப் பெருமையாகச் சொன்னார். யார் வீட்டில் என்ன நடந்தால் டீச்சருக்கு என்ன? என் மகளை எப்போதும் தனக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்கிறார் என்றும் அவரே சொன்னார். ஜன்னல் வழியே ஒருநாள் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். டீச்சரின் மடியில் ஒரு நோட்டு. என் மகளைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தார்.

"அந்த டீச்சர் நம்மள வேவு பாக்கறாங்க" என்று அன்றைக்குச் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

"வேவு பாக்க நம்ம வீட்ல என்ன இருக்கு? ரசமும் அப்பளமும்தான்."

"விளையாடாதீங்க. அந்தப் பொம்பளையோட சிரிப்பே சரியில்ல."

மகள் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அது நடந்தது. மதியம் அழைத்து வரப் போனபோது மகள் வேறு யாருடையதோ ஒரு கவுனில் நின்றாள். ஆயா ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே ஈரமான சீருடை.

"காய் நாய், ஹோத்தா ஹை" என்று ஆயா தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார். ஒன்றுமில்லை, நடக்கிறதுதான் என்று அர்த்தம். திருச்சியில் இரண்டரை வயதிலிருந்து என் மகள் ஒருநாளும் உடையை நனைத்ததில்லை.

தெருவிலேயே உட்கார்ந்து கேட்டேன். "டீச்சர் போக விடலையா?"

தலையாட்டினாள்.

"திட்டினாங்களா?"

அதற்கும் தலையாட்டினாள். நான் என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பாள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதுவே எனக்குச் சாட்சியாகப் போதுமானதாக இருந்தது. திரும்பி நேராக வகுப்பறைக்குப் போனேன்.

டீச்சரோடு நான் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். எனக்குத் தெரிந்த எல்லா ஆங்கிலத்தையும் அன்று கொட்டினேன். ஐந்து வயதுக் குழந்தையைப் பாத்ரூம் போக விடாமல் உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். டீச்சர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். உட்புறத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. வகுப்பிலிருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி. என் மகளின் பெயருக்கு நேரே பானீ, சூ சூ, துக்தா ஹை.

"நீங்கள் எழுதிக் கொடுத்த சொற்களை நானும் ஆயாவும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்" என்றார். "ஐந்து மாதமாகக் காத்திருக்கிறேன். அவள் இதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. இது மட்டுமில்லை. எதையுமே சொன்னதில்லை. மணி அடித்தால் ஆயாவோடு போய்வருவாள். இன்றைக்கு நடுவில் தேவைப்பட்டிருக்கிறது. என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை."

எதையுமே என்றால் என்ன என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதில்லை."

திருச்சியில் தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திப் பேசுகிற குழந்தை அவள். வீட்டில் இப்போதும் வாய் ஓயாது. நான் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறார் என்று நினைக்க விரும்பினேன். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அந்தச் சொற்கள் அவளுடையவை அல்ல, அவள் ‘ஒண்ணுக்கு வருது’ என்றுதான் சொல்லுவாள் என்று ஒரு வாக்கியம் போதும். எனக்கோ கோப்பில் குத்தியிருந்த தாள்தான் கண்முன் வந்தது. "வெட்கப்படுவாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஜனவரியில் தலைமையாசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. குழந்தை பேசுவதில்லை, காது கேட்கிறதா என்று பரிசோதித்துச் சான்று கொண்டுவரவும். வகுப்பாசிரியையின் அறிக்கையைப் பார்த்த பிறகே ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவதா, அல்லது ‘தகுந்த வேறு பள்ளி’ பார்த்துக்கொள்ளச் சொல்வதா என்று முடிவு செய்யப்படும். அதன் கீழே டீச்சரின் கையெழுத்தில் ஒரு வரி. அறிக்கை எழுதுவதற்கு முன் சனிக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வரலாமா?

"இதான் கடைசி. வீட்டுக்கே வந்து பாத்துட்டு முடிச்சிடப் போறாங்க" என்றேன்.

"உண்மையச் சொல்லிடலாமே" என்றார் கணவர்.

"இப்ப சொன்னா பொய் சொல்லி சேத்தோம்னு அதையும் சேத்து எழுதுவாங்க. குழந்தைய வெளிய அனுப்ப அது ஒண்ணு போதும்."

சனிக்கிழமையும் அவருக்கு ஷிஃப்ட் இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டை மாற்றினேன். திருச்சிக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். வாரப் பத்திரிகைகளைப் போர்வைக்கு நடுவே சொருகினேன். இந்த ஊர் அவல் உப்புமாவான போஹாவைச் செய்து தரும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். டீச்சர் இருக்கும்போது அவர் வந்து இரண்டு வார்த்தை இந்தியில் பேசிவிட்டுப் போக வேண்டும் என்றும் கெஞ்சினேன்.

"நான் இன்னா உன் நாத்தனாரா?" என்று கேட்டார். "சரி சரி, மூஞ்சிய அப்டி வச்சிக்காத. வரேன்."

டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நான் நாற்காலியைக் காட்டியும் தரையில் பாயில் உட்கார்ந்தார். அதுகூட எனக்கு ஒரு தந்திரமாகப் பட்டது. மகள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா போஹாவோடு வந்து வெயிலைப் பற்றியும் தண்ணீர் வருகிற நேரத்தைப் பற்றியும் இந்தியில் பேசினார். நடுநடுவே நான் "ஹாங், ஹாங்" என்றேன்.

"வீட்டில் பேசுகிறாளா?" என்று டீச்சர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நன்றாகப் பேசுவாள்."

"இந்தியில்?"

"ஆமாம்."

"எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொல்ல முடியுமா? எப்போதும் சொல்வதுபோலச் சொல்லுங்கள்."

மகளைப் பார்த்து, மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுவா என்று இந்தியில் சொன்னேன். மகள் என்னையே பார்த்தாள். மறுபடி சொன்னேன். அவளுக்கு எது புரிந்ததோ, கதவை விட்டு இரண்டடி முன்னே வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். ஒப்பித்தாள். "பானீ. சூ சூ. துக்தா ஹை." முடித்துவிட்டுச் சரியா என்று என்னைப் பார்த்தாள்.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் போஹாத் தட்டைக் கீழே வைத்தார். "திங்கட்கிழமை நான் அறிக்கை கொடுக்க வேண்டும்" என்றார். "இவள் பேசுவாள் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் என் காதால் கேட்காததை எழுத மாட்டேன். கூப்பிட்டால் உடனே திரும்புகிறாள், சான்று இல்லாமலே சொல்வேன், இவளுக்குக் காதில் ஒன்றுமில்லை. எந்த மொழி இவள் காதுக்குப் பழக்கம் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்."

"தமிழ்" என்றேன். சொன்ன பிறகுதான் வாயிலிருந்து வந்துவிட்டதே தெரிந்தது.

"முதல் வாரமே தெரியும்" என்றார் டீச்சர்.

தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்தேன். "தெரியுமா?"

"அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டு, குடும்பப் பெயர் இல்லாமல் வருகிற குழந்தைகள் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாதா? வணக்கம் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் நமஸ்தே என்றீர்கள். சொல்ல விருப்பமில்லாததற்கு ஏதோ காரணம் இருக்கும், நீங்களாகச் சொல்கிறபோது சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன்."

எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. "தெரிந்திருந்தும் என் குழந்தையை நனைந்த துணியோடு உட்கார வைத்தீர்களா?"

டீச்சரின் முகத்தில் முதல்முறையாக அந்தச் சிரிப்பு இல்லை. "ஆமாம்" என்றார். "உங்களைக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பையை ஆயா உங்களிடம் கொடுத்ததிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

இருவரும் பெரிய மனுஷத்தனமாக ஒருவருக்கொருவர் மறைத்ததற்கு நடுவில் என் மகள் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை இப்போது எழுதும்போது கோவையாக எழுத முடிகிறது. அப்போது, சேர்க்கை ரத்தாகுமா என்றுதான் கேட்டேன். விண்ணப்பத்தில் மொழியை மாற்றி எழுதினதற்காக யாரையும் அனுப்பியதாகத் தான் கேள்விப்பட்டதில்லை, வேண்டுமென்றால் புதுத்தாள் ஒன்று எழுதித் தாருங்கள் என்றார். எழுதித் தந்தால் அது நமக்கு எதிரான எழுத்துமூலமான ஆதாரமாகிவிடாதா என்று அந்த நேரத்திலும் ஒரு யோசனை ஓடியது.

"முதலில் அவளைப் பேசச் சொல்லுங்கள்" என்றார் டீச்சர். "தமிழிலேயே. நான் கேட்டால் போதும்."

மகளைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "டீச்சர்கிட்ட பேசு பாப்பா. தமிழ்லயே பேசலாம்."

அவள் வாயைத் திறக்கவில்லை. என் கண்ணையே பார்த்தாள். பரீட்சை வைக்கிறேன் என்று நினைக்கிறாள் என்று புரிந்தது. இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றேன். என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"வீட்டு விஷயமாம்மா?"

"சொல்லலாம்."

"ஸ்கூல்ல வச்சுக்க மாட்டாங்களே?"

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னது. காலையில் ஜமக்காளத்தில் டீச்சர் கேட்பது முழுக்க வீட்டு விஷயம். பேசத் தெரிந்த ஒரே மொழி கூடாது. பாவம், அவளுக்குப் பேச என்ன மிச்சம் வைத்திருந்தேன்?

"வச்சுப்பாங்க" என்றேன். "அம்மா தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்பா குறட்டை விடறதச் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"என்ன கேட்கிறாள்?" என்றார் டீச்சர். மொழிபெயர்த்தேன்.

மகளின் குரல் கொஞ்சம் வெளியே வந்தது. "கீழ்வீட்டு அத்தை மாமாவ எருமன்னு திட்டினத?"

"அடிப்பாவி, நான் எப்போடி திட்டினேன்?" என்றார் அக்கா.

"நேத்து. தண்ணி புடிக்கும்போது."

அதையும் மொழிபெயர்த்தேன். டீச்சர் சிரித்தார். மகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. காலண்டரைக் கட்டிலுக்கடியில் வைத்ததைச் சொல்லலாமா? புத்தகத்தைப் போர்வைக்குள் ஒளித்ததைச் சொல்லலாமா? சொல்லலாம், சொல்லலாம் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் கிசுகிசுப்பதை விட்டுவிட்டு டீச்சரைப் பார்த்தே கேட்கத் தொடங்கினாள். எட்டு மாதத்துக்கான விஷயம் அவளிடம் இருந்தது.

பிறகு டீச்சரைச் சுட்டிக்காட்டிக் கேட்டாள். "இவங்க நம்மள வேவு பாக்கறாங்கன்னு அப்பாகிட்ட சொன்னியே? அந்தப் பொம்பள சிரிப்பே சரியில்லன்னு? அதச் சொல்லலாமா?"

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. டீச்சர் என் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். உங்களைப் பிடிக்கும் என்கிறாள் என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? ஆங்கில வாக்கியம்கூட மனதில் தயாராக இருந்தது. மகள் அண்ணாந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் அவளுக்குக் கொஞ்சம் புரியும்.

"சொல்லலாம்" என்றேன். பிறகு டீச்சரைப் பார்த்து, ஒரு வார்த்தையும் விடாமல், சிரிப்பையும் சேர்த்து, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டீச்சருக்கு முகம் சிவந்தது. அப்புறம், "எந்தக் கேள்வியைப் பார்த்து அப்படி நினைத்தீர்கள்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் பார்த்துத்தான் என்றேன். அடுத்த வருடம் அந்தத் தாளை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டுவதாகச் சொன்னார்.

அந்தத் திங்களிலிருந்து இரண்டு வாரம், காலையில் அரை மணி நேரம், ஜமக்காளத்தில் குழந்தைகளோடு நானும் காலை மடக்கி உட்கார்ந்தேன். மகள் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சிந்திப் பையன் தன் அம்மாவையும் கூட்டிவர வேண்டுமென்று அழுதான். எங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்களோ என்று முதல் இரண்டு நாள் கூசியது. மூன்றாம் நாள் தலைமையாசிரியை கதவருகே வந்து நின்று கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அறிக்கையில் டீச்சர் என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஏப்ரலில் ஒன்றாம் வகுப்புக்கான புத்தகப் பட்டியல் வந்தது.

இப்போது மகள் நான்காம் வகுப்பு. மூன்று மொழியில் சண்டை போடுகிறாள். ஆனாலும் புதியவர்கள் யாராவது ஏதாவது கேட்டால், பெயர் என்ன என்ற கேள்வியாகவே இருந்தாலும், முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். ஒரு நொடிதான். நான் பக்கத்தில் இல்லாதபோது யார் முகத்தைப் பார்ப்பாள் என்று தெரியவில்லை. கேட்டால், அப்படியெல்லாம் பார்ப்பதே இல்லை என்கிறாள்.